செட்டிநாடு வரைக்கும் ஒரு டிக்கெட்

ஜப்பானில் கோபே நகரத்து ரயில் நிலையங்களில், வெளியே போகும் வாசலுக்குப் பக்கத்தில் மஞ்சள் பலகை மாட்டிய ஓர் இயந்திரம் நிற்கும். உங்கள் டிக்கெட் குறைந்த தூரத்துக்கானது, நீங்கள் வந்ததோ அதைத் தாண்டி என்றால், அந்த டிக்கெட்டை அதன் வாயில் செருக வேண்டும். பாக்கி எவ்வளவு என்று திரையில் காட்டும். காசைப் போட்டால் ஒரு புதுச் சீட்டு வரும். அதை வாசலில் கொடுத்துவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். ஏன் தாண்டினாய், எதற்குத் தாண்டினாய், ஏறும்போதே தெரியாதா என்று ஒரு கேள்வி கிடையாது. அபராதமும் கிடையாது. பார்க்கப்போனால் நம் சொந்தபந்தங்களில் பலரைவிட அந்த இயந்திரத்துக்கு மரியாதை தெரியும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, வயிறெரிந்துதான் சொல்கிறேன்.

கல்யாணமாகி அங்கே போன புதிதில் எனக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. என் வீட்டுக்காரருக்கு ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு வேலை. ஒருநாள் அவர் ஆபீசுக்குப் போனபிறகு, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க முடியாமல் நான் தனியாக ரயில் ஏறினேன். எங்கே இறங்க வேண்டும் என்று தெரியாமல் இரண்டு நிலையம் தள்ளி இறங்கி, டிக்கெட்டை வாசலில் செருகினேன். இடுப்பளவுக்கு இரண்டு பலகைகள் படாரென்று மூடிக்கொண்டன. மணி வேறு அடித்தது. தொப்பி போட்ட ஊழியர் ஓடிவந்தார். போலீசில் பிடித்துக் கொடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்துவிட்டேன். நான் திருடியில்லை, எங்கள் வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போயிருக்கிறார் என்று தமிழும் இங்கிலீஷுமாகக் கலந்து அழுதேன். அவர் எனக்கு உடம்புக்கு என்னவோ ஆகிவிட்டது என்று புரிந்துகொண்டு, ஒரு நாற்காலி கொண்டுவந்து உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். டாக்டர், டாக்டர் என்று அவர் கேட்க, டிக்கெட் தொலைந்துவிட்டதா என்று கேட்கிறார் என நினைத்து நான் இல்லை, இல்லை என்று தலையாட்டினேன். கடைசியில் என் கைக்குள் கசங்கியிருந்த டிக்கெட்டைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. குனிந்து ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, அந்த மஞ்சள் பலகையைக் கையால் காட்டினார். அவ்வளவுதான் சங்கதி.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "தெரியாத எடத்துக்குப் போறப்ப இருக்கதுலயே சின்ன டிக்கெட்டா எடுத்துக்க. மிச்சத்தை எறங்குறப்பக் கட்டிக்கலாம். இங்க யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாக," என்றார். இருபது வருஷத்துக்கும் மேலாக அதையே வழக்கமாக வைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், அந்த ஊர் எனக்குக் கற்றுக்கொடுத்த கெட்ட பழக்கம் இது ஒன்றுதான்.

போகப்போக டிக்கெட் விஷயத்தில் நான் பெரிய ஆளாகிவிட்டேன். புதிதாக வரும் தமிழ்ப் பெண்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுப்பேன். டிக்கெட் என்றால் ஒன்று என்று நினைக்காதீர்கள். போகிற தூரத்துக்கு ஒரு டிக்கெட். வேகமாகப் போகிற வண்டியென்றால் அந்த வேகத்துக்குத் தனியாக இன்னொரு டிக்கெட். இரண்டும் கையில் இருந்தால்தான் உட்கார முடியும். தாண்டிப் போவதிலும் இரண்டு விதம் உண்டு. குறைந்த தூரத்து டிக்கெட் என்றால் மொத்தத் தூரத்துக்கும் கணக்குப் போட்டு வித்தியாசத்தை மட்டும் வாங்குவார்கள். தூரத்துப் பயண டிக்கெட் என்றால் அந்தச் சலுகை இல்லை. டிக்கெட்டில் எந்த நிலையம் எழுதியிருக்கிறதோ அங்கிருந்து புதிதாக ஒரு பயணம் ஆரம்பித்ததுபோலக் கணக்கு. அதற்கு முன்னால் எவ்வளவு தூரம் வந்தாய் என்பதை யாரும் பார்க்கமாட்டார்கள். தூர டிக்கெட்டில் இன்னொரு வசதியும் உண்டு. நடுவில் பெரும்பாலான நிலையங்களில் இறங்கி ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதே டிக்கெட்டில் மறுபடி ஏறலாம். ஒரே நிபந்தனை, முன்னால்தான் போகவேண்டும், வந்த வழியே திரும்பக்கூடாது. இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்குச் சொல்வதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

வீட்டுக்காரர் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் ஒருத்தி தாலி இழந்தால் பிறந்த வீட்டுக்காரர்கள் வந்து கோடிப் புடவை போடவேண்டும். உடன்பிறந்தவன் கையால் போடவேண்டும், இனி உனக்கு நாங்கள் இருக்கிறோம் என்று அதற்கு அர்த்தம். எனக்கு ஒரே தம்பி, பழனியப்பன். அவனால் வர முடியவில்லை. விசா, சீசன், இன்னும் என்னென்னவோ சொன்னான். கோடி கூரியரில் வந்தது. உள்ளே இருப்பது பருத்தித் துணி, அன்பளிப்பு என்று உறையில் ஒட்டியிருந்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கி, நானே எடுத்து நானே தோளில் போட்டுக்கொண்டேன். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். வரவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஊரில் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார்கள். நான் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சமைத்த பலகாரங்களை டப்பாவில் அடைக்கும் வேலை பார்த்தேன். கூட வேலை பார்த்த மொரி-சான் நல்ல மனுஷி. அவள்தான் முதலில் கேட்டாள், "எப்போது உன் நாட்டுக்குத் திரும்புகிறாய்?" என்று. பிறகு வீட்டுத் தரகர் கேட்டார், பல் டாக்டர் கேட்டார். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார்கள். ஆனால் இத்தனை வருஷம் வரி கட்டி, குப்பையை அவர்கள் சொன்ன கிழமையில் சொன்ன பையில் பிரித்துப் போட்டு வாழ்ந்த பிறகு, புருஷன் போனதும் நான் விருந்தாளி ஆகிவிட்டேனே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. மகன் ஜப்பானின் வடகோடியில், சப்போரோவில் இருக்கிறான். பெண்டாட்டியும் அவனுமாக இரண்டு அறை வீடு. அம்மா இங்கே வாருங்கள் என்று கூப்பிடத்தான் செய்தான். அவன் குரலிலேயே வீட்டின் அகலம் தெரிந்தது. போதும் சாமி, நம் ஊருக்கே போய்விடலாம் என்று முடிவு பண்ணினேன். வேலையை விட்டேன். வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தேன். திருச்சிக்கு ஒருவழி டிக்கெட் எடுத்தேன்.

ஊரில் யாரிடமும் ஒருவழி என்று சொல்லவில்லை. தம்பி போனில், "எத்தனை நாள் லீவு ஆச்சி?" என்றுதான் கேட்டான். எங்களில் அக்காளை ஆச்சி என்போம். வந்து சொல்கிறேன் என்றேன். பிறந்த வீட்டுக்குப் போவதற்கு முன்கூட்டி மனுப் போடவா வேண்டும். நேரில் போய் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். புருஷன் வீட்டுப் பக்கம் போக வழியில்லை, அவர்கள் பெரிய வீட்டைப் பங்கு பிரித்து விற்று எத்தனையோ காலமாயிற்று. மிஞ்சியது நேமத்தான்பட்டியில் நான் பிறந்த வீடுதான். எண்ணிப் பார்க்க முடியாத அறைகள் உள்ள வீடு. ஆண்பிள்ளைக்கு அறை, பெண்பிள்ளைக்குச் சீர் என்பது எங்கள் வழக்கம், எனக்குத் தெரியும். நான் பங்கு கேட்டுப் போகவில்லை. பாய் விரிக்க ஓர் இடம் கேட்டுத்தான் போனேன்.

மார்கழி பிறந்த சமயம். தம்பி செட்டிநாடு ஸ்டேஷனில் காரோடு நிற்பதாகச் சொன்னதால், திருச்சியில் கவுண்டரில் நின்று செட்டிநாடு வரைக்கும் சாதாரண டிக்கெட் எடுத்து, எல்லா ஊரிலும் நிற்கிற வண்டியில் ஏறினேன். புதுக்கோட்டை தாண்டியதும் போன் வந்தது. "ஆச்சி, செட்டிநாட்டுல எறங்காதீக. காரைக்குடிக்கே வந்துருங்க. இங்குட்டு வீட்ல ஆளுக இருக்காக. நான் அங்குட்டு வந்துர்றேன்." என்ன ஆளுகள் என்று கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது. வண்டி செட்டிநாட்டில் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். நான் இரண்டு பெட்டிகளையும் பிடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தேன். டிக்கெட்டைப் பற்றி ஒரு யோசனையும் வரவில்லை. மிச்சத்தை இறங்கும்போது கட்டிக்கொள்ளலாம், அதுதானே வழக்கம்.

காரைக்குடியில் வாசலில் டிக்கெட் பரிசோதகர் நின்றிருந்தார். என் மகனைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது செட்டிநாடு வரைக்கும்தான இருக்கு," என்றார்.

"ஆமா, தெரியும். மிச்சத்தை எங்க கட்டணும்? இங்குட்டு மெஷின் ஏதும் இருக்கா?"

அவர் என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தார். "மெஷின் வெளியில இருக்கும்மா. ஏறுறதுக்கு முன்னாடி எடுக்கதுக்கு. எறங்குனப்பறம் எடுக்கதுக்கு இல்ல."

தம்பி சொன்னதால்தான் தாண்டி வந்தேன் என்று விளக்கினேன். "தம்பி உங்ககிட்டச் சொன்னாக சரி. நீங்க எங்ககிட்டச் சொல்லணும்ல," என்றார் அவர். சும்மா சொல்லக்கூடாது, பொறுமையாகத்தான் விவரித்தார். டிக்கெட்டில் உள்ள ஸ்டேஷன் வருவதற்கு முன்பே வண்டியில் இருக்கும் பரிசோதகரிடமோ கார்டிடமோ சொல்லியிருந்தால், தாண்டும் தூரத்துக்கு மட்டும் தனியாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்திருப்பார்களாம். அந்தத் தூரமும் புதுப் பயணக் கணக்குத்தானாம். ஸ்டேஷன் தாண்டிய பிறகு சொன்னால், அது டிக்கெட் இல்லாத பயணமாம். கட்டணத்தோடு அபராதமும் கட்டவேண்டுமாம்.

"எங்கேருந்து வாரீக?" என்று கேட்டார். ஜப்பான் என்றேன். எனக்குப் பின்னால் கூடையோடு நின்ற ஒருவர் சத்தமாகவே சிரித்தார். "ஜப்பான்லேருந்து காரைக்குடிக்கு வித்தவுட்டாய்யா," என்றார். வரிசையே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. பரிசோதகர் அவர்களை அதட்டிவிட்டு, என்மேல் இரக்கப்பட்டு, "ஊருக்குப் புதுசாம்மா?" என்று கேட்டார். அந்த இரக்கம்தான் என்னைக் கொன்றது. நான் இந்த ஊர்க்காரி, இந்த ஸ்டேஷனில் பாவாடை சட்டையில் நின்றவள் என்றேன். "அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே," என்று சொல்லிக்கொண்டே ரசீதை எழுதினார். அவர்மேல் குற்றமில்லை. சட்டத்தைத்தான் சொன்னார். அபராதத்தைக் கட்டிவிட்டு, வெளியே வந்து, பெட்டிமேல் உட்கார்ந்து அழுதேன். பணத்துக்காக அழவில்லை என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

தம்பி வந்தான். காரின் பக்கவாட்டில் எங்கள் வீட்டு முகப்பின் படம் பெரிதாக ஒட்டியிருந்தது. "வாங்காச்சி, இளைச்சுப் போனீகளே," என்று பெட்டிகளைத் தூக்கிவைத்தான். கார் நேமத்தான்பட்டிக்குப் போகவில்லை. "வீட்ல ஒரு ஜப்பான் குரூப் தங்கியிருக்காக ஆச்சி. ஒரு ரூம்கூடக் காலியில்ல. உங்களுக்கு மானகிரில நம்ம சிநேகிதர் லாட்ஜுல ரூம் போட்டிருக்கேன். ஏசி ரூம்," என்றான். வீட்டை விருந்தினர் விடுதியாக மாற்றப்போகிறேன் என்று அவன் எப்போதோ சொன்னது ஞாபகம் இருந்தது. ஓரிரண்டு அறையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஜப்பானில் இருந்து வந்தவர்கள் என் பிறந்த வீட்டில் படுத்திருக்க, ஜப்பானில் இருந்து வந்த நான் மானகிரி லாட்ஜில் படுத்தேன். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது.

மறுநாள் காலை அந்தக் குழுவைப் பிள்ளையார்பட்டிக்குச் சாமி கும்பிட அனுப்பிவிட்டு, என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனான். வீடு பளபளவென்று இருந்தது. தரையைத் தேய்த்து, தூண்களுக்கு எண்ணெய் பூசி, நாங்கள் இருந்த காலத்தில்கூட அப்படி இருந்ததில்லை. ஒவ்வொரு கதவிலும் பித்தளையில் எண் அடித்திருந்தது. தம்பி பெண்டாட்டி மெய்யம்மை வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் கொண்டுவந்து வைத்தாள். நல்ல பெண். சாப்பிடச் சொல்லி வற்புறுத்தினாள், என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரருக்காகக் கண்கலங்கினாள். "நல்ல நேரத்துல வந்தீகாச்சி," என்றான் தம்பி. "இந்தக் குரூப்போட வந்த மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். அவுக என்ன கேக்குறாக, என்ன சொல்றாகன்னு ஒண்ணும் விளங்கல. நீங்க கூட இருந்தீகன்னா எனக்குப் பெரிய ஒத்தாசை."

இதுதான் சமயம் என்று சொன்னேன். "பழனி, நான் திரும்பிப் போகல. அங்க வீட்டையும் காலி பண்ணிட்டேன். இனிமே இங்கதான்."

அவன் கையில் எடுத்த பணியாரத்தைத் தட்டில் வைத்துவிட்டான். மெய்யம்மை அவனைப் பார்த்தாள். அவன் எண் அடித்த கதவுகளைப் பார்த்தான். "என்னாச்சி இது. முன்னாடியே சொல்லியிருந்தீகன்னா ஒரு ஏற்பாடு பண்ணியிருப்பேன்ல," என்றான்.

"என்ன ஏற்பாடுடா பண்ணியிருப்ப?"

"கலந்து பேசியிருக்கலாம். பங்காளிக எல்லாருமாச் சேர்ந்துதான் வீட்டை விடுதிக்கு விட்டிருக்கோம். மாசி வரைக்கும் எல்லா ரூமும் புக்காயிருக்கு. நான் மட்டும் ஒரு ரூமை எடுத்துக் குடுக்க முடியுமா? திடுதிப்னு வந்து சொன்னா நான் என்ன பண்ணுவேன், நீங்களே சொல்லுங்க."

மெய்யம்மை மெல்ல, "சப்போரோல உங்க பிள்ளை இருக்காப்லல்ல ஆச்சி. மகன் வீடு மாதிரி வருமா," என்றாள். அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் கேட்டேன், கூட்டிப்போய்க் காட்டினாள். பின்கட்டில், பழைய சமையல்கட்டை ஒட்டி, மழைக்கு ஒதுங்கத் தகரம் போட்ட இரண்டு அறைகளில் அவர்களே ஒடுங்கிக் கிடக்கிறார்கள். சொந்த வீட்டில் அவர்களுக்கே இடமில்லை. அதைப் பார்த்த பிறகு சண்டை போடக்கூட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நெஞ்சில் இருந்தது வெளியே வந்துவிட்டது.

"சரி, தாண்டி வந்தாச்சு. அபராதம் எவ்வளவுன்னு எழுதிக் குடு, கட்டிட்டுப் போறேன்," என்றேன்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. லாட்ஜ் வாடகையைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "ஐயோ, அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன் ஆச்சி. உங்ககிட்டப் போய் வாங்குவனா," என்றான். உண்மையாகவே மனது நொந்து சொன்னான். என் தம்பி கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

மத்தியானம் குழு திரும்பி வந்தது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் கல்யாணக் கொட்டகையில் வரிசையாக இலை போட்டார்கள். நான் இலைக்கு இலை நடந்து, இது அரிசி கழுவிய தண்ணீரில் செய்கிற மண்டி, இது உளுந்தில் செய்கிற இனிப்பு, கும்மாயம், இதைக் கையால் இப்படிப் பிசைந்து சாப்பிடுங்கள் என்று ஜப்பானிய மொழியில் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர்களுக்கு ஒரே சந்தோஷம். கடைசியில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாள் என் பேச்சைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்களே, கோபேக்காரி பேசுவதுபோலவே இருக்கிறது என்றார். கோபேயில்தான் இருந்தேன் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் பிறந்ததும் அந்தப் பக்கம்தானாம். எந்தத் தெரு, எந்த ஸ்டேஷன் என்று கேட்டுக் கேட்டுச் சொல்லிக்கொண்டோம். ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் சொந்த ஊர்க்காரியைப் பார்த்த மாதிரி அவர் என் கையை விடவில்லை. எனக்கும் விட மனமில்லை. பிறகு அவரும் கேட்டார், "இங்கே எத்தனை நாள் இருப்பீர்கள்? எப்போது வீட்டுக்குத் திரும்புகிறீர்கள்?" என்று.

ஜாடி நிறைய மோருடன் தம்பி பக்கத்தில் வந்து நின்றான். "என்ன கேக்குறாக ஆச்சி? சாப்பாட்டுல ஏதும் குறையா?"

"அதெல்லாம் இல்ல. நான் எப்பத் திரும்பிப் போறேன்னு கேக்குறாக."

அவன் அந்த அம்மாளைப் பார்த்துக் கும்பிட்டு, வாய் நிறையச் சிரித்தான். "எங்க ஆச்சிதான், பொங்கல் வரைக்கும் நம்ம கூடத்தான் இருப்பாக, பொங்கல் கழிச்சுக் கிளம்புறாகன்னு சொல்லுங்க."

அந்த அம்மாள் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி சொன்னதில் ஒரு வார்த்தை குறையாமல் நான் ஜப்பானிய மொழியில் சொன்னேன்.